இருசப்பன் வீட்டுப் பனி

கேக்கறவங்க உக்காந்து கேளுங்க, நேரமில்லாதவங்க நின்னபடியே கேளுங்க, கல்லேரிப்பேட்டைக்கு வக்காலத்து வாங்க நினைக்கிறவங்க மட்டும் இப்பவே எழுந்து போயிடுங்க, ஏன்னா இந்த ஊரைப் பத்தி நல்லதா ஒரு வார்த்தை என் வாயில இருந்து வராது. இங்கியே பொறந்து, இங்கியே வாக்கப்பட்டு, இங்கியே இருபது வருஷமா மெஸ் நடத்தி மலையடிவாரத்து இன்ஜினியரிங் காலேஜ் பிள்ளைங்களுக்கு இட்லி அவிச்சுப் போட்ட சுலோச்சனா நான். எனக்கு இல்லாத உரிமை வேற எவனுக்கு இருக்கு, சொல்லுங்க.

வேலூரைத் தாண்டி வெயில் எங்க போய்க் குடித்தனம் வெச்சுதுன்னு கேட்டா எங்க ஊரைக் காட்டுவாங்க. வீட்டுக்கு ஒரு பட்டாளத்துக்காரன், சில வீட்டுல ரெண்டு, மூணு. லீவுல வர்றவனைக் காட்பாடி ஸ்டேஷன்ல போய் மாலை போட்டுக் கூட்டியாருவோம், அவன் கொண்டாந்த கறுப்பு டிரங்குப் பெட்டியை நடுக்கூடத்துல வெச்சுச் சுத்தி உக்காந்து திறப்போம், சால்வை எனக்கு, பாதாம் உனக்கு, பாட்டில் மாமனுக்குன்னு பங்கு போடுவோம், பெட்டியில இன்னும் இன்னா இருக்குன்னு அடிவரைக்கும் துழாவுவோமே தவிர வந்தவன் மனசுல இன்னா இருக்குன்னு ஒருத்தரும் கேக்க மாட்டோம். கேக்கக்கூடாது, அதுதான் எங்க ஊர் வழக்கம். அவன் சொல்லவும் கூடாது. திரும்பிப் போறப்போ ரயிலடியில பொண்டாட்டி அழக்கூடாது, அழுதா அவனுக்கு ஆகாதுன்னு மாமியார்க்காரி இடுப்புல கிள்ளிக்கிட்டே நிப்பா. என் வீட்டுக்காரரும் பட்டாளத்துல சமையல்காரர்தான், பதினேழு வருஷம் இருந்துட்டு வந்து, ஒரு வார்த்தை சொல்லாம குடிச்சுக் குடிச்சே போய்ச் சேர்ந்தார். நானும் ஒரு வார்த்தை கேக்கலை, வழக்கத்தை மீறாத பொம்பளைன்னு எனக்கு ஊர்ல நல்ல பேரு.

இப்படிப்பட்ட ஊருக்குத்தான் ஹவில்தார் இருசப்பன் இருபத்திரண்டு வருஷம் முடிச்சு வந்து சேர்ந்தார். கடைசி ரெண்டு போஸ்டிங்கும் சியாச்சின் பனிமலையில. வந்த புதுசுல நல்லாத்தான் இருந்தார், மாடிக்கு வெள்ளை அடிச்சார், பையனை சைக்கிள்ல ஸ்கூலுக்கு விட்டார், என் மெஸ்ல வந்து உக்காந்தா தட்டை அவரே கழுவி வெப்பார். தூக்கத்துல மட்டும்தான் ஆள் வேற. பக்கத்துல படுத்திருக்கிற பொண்டாட்டியை, தேன்மொழியை, பனிக்கு அடியில புதைஞ்சு கிடக்கறதா நினைச்சுக்கிட்டு மெத்தையைக் கையாலேயே தோண்டுவாராம், பஞ்சு பிய்ஞ்சு வீடெல்லாம் பறக்குமாம், நகத்துல ரத்தம் வருமாம், அவளைத் தலைமயிரைப் புடிச்சு இழுத்து வெளிய போட்டு மூச்சு வருதா மூச்சு வருதான்னு மூக்குல காது வெச்சுக் கேப்பாராம். அஞ்சு மெத்தை போச்சு. அவ மகராசி, ஒண்ணரை வருஷம் தாங்கினா. அப்பறம் ஒரு சித்திரை மாசம் பையனைக் கூட்டிக்கிட்டு ஆற்காட்டுல அண்ணன் வீட்டுக்குப் போயிட்டா. அவளை நான் குத்தம் சொல்ல மாட்டேன். போறதுக்கு முந்தி ஊர்ல பத்து வீட்டுப் படியேறி, அவர்கிட்ட யாராச்சும் ஒருத்தர் உக்காந்து பேசுங்களேன்னு கெஞ்சினா, என் வீட்டுப் படியும் அதுல ஒண்ணு.

அவ போன மறுநாள் காலையில அந்த வீட்டுக்குள்ள பனி பெய்ய ஆரம்பிச்சுது.

பனின்னா மார்கழி மாசம் தலையில துண்டு கட்டிக்கிட்டு நடப்போமே அந்தப் பனி இல்ல. வெள்ளை வெளேர்னு, சத்தமே இல்லாம, கூடத்துக் கான்கிரீட் கூரைக்கு ஒரு முழம் கீழே எங்கிருந்தோ உண்டாகி, டிவி மேல, கட்டில் மேல, காலண்டர் ஆணி மேல எல்லாம் படிஞ்சுது. வெளிய அனல், வாசப்படியில கால் வெச்சா கொப்புளம், உள்ள கணுக்கால் வரைக்கும் பனி. இருசப்பன் ஒண்ணும் ஆச்சரியப்படலை, பரண்ல இருந்த பட்டாளத்து பூட்ஸை எடுத்து மாட்டிக்கிட்டு முறத்தால வாரி வாரிக் கொல்லையில கொட்டினார். கொட்டின பனி முருங்கை மரத்தடியில ஒரு நாழிகை இருந்துட்டுத் தண்ணியாச்சு. ஊர்க்காரனும் ஆச்சரியப்படலை. எதுக்கு வந்துச்சு, எப்படி வந்துச்சுன்னு எவன் யோசிச்சான்? இதை வெச்சு இன்னா பண்ணலாம்னுதான் யோசிச்சான்.

மொத ஆளா மீன்காரி குப்பம்மா கூடையைக் கொண்டாந்து வெச்சா. அவளுக்குப் பின்னாடி பூக்காரங்க மல்லியும் சாமந்தியும், அவங்களுக்குப் பின்னாடி பிரியாணிக்கடை பாஷா கறியும், பால்காரன் கேனும், மெடிக்கல் ஷாப்காரன் ஊசி மருந்தும்னு வரிசை கட்டிட்டாங்க. நான் மட்டும் யோக்கியமா? வெயில் காலத்துல மத்தியானத்துக்குள்ள பொங்கிப் புளிச்சுப் போற இட்லி மாவு அந்த வீட்டுல மூணு நாள் வெச்சாலும் அரைச்ச மேனிக்கு இருக்கும், ரெண்டு அண்டா நானும் வெச்சேன். பதிலுக்கு வேளாவேளைக்கு அவருக்குக் கேரியர்ல சோறு கொண்டுபோய்க் கொடுத்தேன். வெச்சுக்கலாமான்னு அவரை யாரும் கேக்கலை. அவரும் வேணாம்னு சொல்லலை, கூடையைத் தாண்டித் தாண்டி நடந்துக்கிட்டார்.

அப்பறம் பொணம் வந்துச்சு. மஸ்கட்ல இருக்கற பையன் வரணும், கரண்ட் போய் ஃப்ரீசர் பாக்ஸ் வேலை செய்யலைன்னு பத்தர் வீட்டுப் பெரியவரைத் தூக்கியாந்து அவர் கூடத்துல படுக்க வெச்சாங்க. ரெண்டு நாள் கழிச்சுப் பையன் வந்து பாத்தப்போ அப்பா முகம் தூங்கற முகமா இருந்துச்சாம், அதுலேந்து ஊர்ல யார் செத்தாலும் ஃப்ரீசர் பாக்ஸ் பேச்சே கிடையாது, நேரா இருசப்பன் வீடுதான். பொணம் உள்ள இருக்கற வரைக்கும் அந்த மனுஷன் படுக்க மாட்டார். பூட்ஸ் போட்டுக்கிட்டுத் தலைமாட்டுல விறைப்பா நிப்பார், மேல விழற பனியை விரல் நுனியால தட்டித் தட்டி விட்டுக்கிட்டே இருப்பார், முகம் மூடிடக்கூடாதுன்னு. அதைப் பாத்தும் எங்களுக்கு ஒண்ணும் உறைக்கலை. ‘நல்லாப் பாத்துக்கறாரு’ன்னு மெச்சிக்கிட்டோம், தூ.

ஒருநாள் கேஸ் சிலிண்டர் போட வந்த ஆள், வெளியூர்க்காரன், சிலிண்டரை இறக்கி வெச்சுட்டுச் சும்மா போகாம அவர் தோள்ல கை வெச்சு, “இன்னா சார், எப்படிக் கீறீங்க, தனியாவா கீறீங்க?”ன்னு கேட்டுட்டான். அவ்வளவுதான் கேட்டான். அன்னிக்கு மத்தியானமே பனி நின்னு போச்சு. ரெண்டு நாள் பெய்யலை. குப்பம்மாவோட வஞ்சிரம் நாறி, பாஷாவோட கறி நாறி, தெருவே மூக்கைப் புடிச்சுக்கிட்டுச் சண்டை போட்டுச்சு. மூணாம் நாள் அவர் தனிமை பழையபடி வந்ததும் பனியும் பழையபடி வந்துச்சு.

அந்த ஞாயித்துக்கிழமை முன்னாள் ராணுவத்தினர் சங்கம் கூடினது. தலைவர் சுபேதார் மேஜர் கோதண்டபாணி, ஊர்ல எல்லாரும் மேஜர் சாப்னு கூப்புடற ஆள், மீசைக்கு எண்ணெய் போடாம வெளிய வர மாட்டார். அவர் எழுந்து தொண்டையைக் கனைச்சுக்கிட்டுப் படிச்சார்: ஹவில்தார் இருசப்பனுக்கு யாரும் ஆறுதல் சொல்லக்கூடாது, தோளில் கை வைக்கக்கூடாது, எப்படி இருக்கிறாய் என்று கேட்கக்கூடாது, அவர் வீட்டுப் பனி பொதுச் சொத்து. முப்பது பேர் கைதூக்கினாங்க. அத்தினி பேரும் அவர் மாதிரியே எல்லையில நின்னு வந்தவங்க, அத்தினி பேரும் தூக்கத்துல எதையோ தோண்டறவங்க, எனக்குத் தெரியாதா? ஒருத்தனுக்குக்கூட, இன்னிக்கு அவன், நாளைக்கு நான்னு தோணலை. சிலிண்டரை அன்னியிலேந்து தெருமுனையில இறக்கிட்டுப் போகச் சொல்லிட்டாங்க.

சர்க்கார்லேந்து ஒருதரம் மனநல முகாம்னு ஒரு அம்மா வந்துது, அதையும் சொல்லிடறேன். நாலு பக்கத்துல ஒரு பாரம், ‘கடந்த இரண்டு வாரங்களில் எத்தனை நாட்கள் சோர்வாக உணர்ந்தீர்கள், ஒன்றிலிருந்து ஐந்துக்குள் வட்டமிடவும்’னு. இருசப்பன் எல்லாத்துக்கும் ஒண்ணுலயே வட்டம் போட்டார், பக்கத்துல மேஜர் சாப் நின்னுக்கிட்டு இருந்தார் இல்ல. அந்த அம்மாவுக்குக் குளிர் தாங்கலை, பல்லு டைப்படிக்குது, துப்பட்டாவால காதை மூடிக்கிட்டுக் கையெழுத்து வாங்கிக்கிட்டுப் போய் வண்டியில ஏறிடுச்சு. தலைக்கு மேல கொட்டுறது இன்னான்னு அதுகூட ஒரு கேள்வி கேக்கலை, பாரத்துல அந்தக் கேள்வி இல்லை போல.

இப்படியே ரெண்டு வருஷம் ஓடினதுக்கு அப்பறம்தான் அந்தப் பொண்ணு வந்தா. பெனிட்டா. அரக்கோணம் பக்கம், இன்ஜினியரிங் மூணாவது வருஷம், என் மெஸ்ல மாசச் சாப்பாடு. அப்பனுக்கும் ஆத்தாளுக்கும் கோர்ட்டுல கேஸு. காலையில அப்பன் போன் பண்ணி உங்கம்மா இன்னின்னது பண்ணான்னு ஜட்ஜுகிட்ட வந்து சொல்லும்பான், சாயங்காலம் ஆத்தா போன் பண்ணி அப்பனைப் பத்திச் சொல்லும்பா, லீவுக்கு எங்க வரட்டும்னு பொண்ணு கேட்டா ரெண்டு பேரும் ஹாஸ்டல்லயே இருந்துக்கோன்னுடுவாங்க. தட்டுல இட்லியைப் பிய்ச்சுப் போட்டுக்கிட்டு உக்காந்திருப்பா, வாய்க்குப் போகாது. நாலு பேப்பர் அரியர். காலேஜ்ல கவுன்சலிங் ரூம்னு போர்டு தொங்குது, உள்ள ஸ்போர்ட்ஸ் மெத்தையும் உடைஞ்ச பெஞ்சும் அடுக்கி வெச்சுப் பூட்டியிருக்கு, சாவி யாருகிட்டன்னு கேட்டா ஒருத்தர் இன்னொருத்தரைக் காட்டுறாங்க. அவ ஹெச்ஓடி கிட்ட போய் அழுதிருக்கா, அந்த ஆள், “பர்சனல் பிராப்ளத்தை எல்லாம் கேட்டுக்கு வெளிய வெச்சுட்டு வா”ன்னு சொல்லி அனுப்பியிருக்கான். அவ முகம் வாடினது எனக்குத் தெரியாம இல்ல. ஆனா நான் இன்னா கேட்டேன்? “இன்னொரு இட்லி வெக்கட்டுமா?”ன்னுதான் கேட்டேன்.

ஒருநாள் அக்னி நட்சத்திர வெயில்ல எனக்கு மயக்கமா வந்துச்சுன்னு மாவு அண்டாவை எடுத்துவர அவளைத்தான் அனுப்பினேன். அனுப்பினது நான்தான், அதுல ஒண்ணும் மறைக்கலை. போனவ அண்டாவோட வரலை. என்னடா இதுன்னு முந்தானையைத் தலையில போட்டுக்கிட்டு நானே போனேன். வாசல்ல நின்னா உள்ள பேச்சுச் சத்தம், எனக்குத் திக்குனு ஆயிடுச்சு, அந்த வீட்டுல பேச்சுச் சத்தம் கேட்டு ரெண்டு வருஷம் ஆச்சே.

பொண்ணு கவுத்துப் போட்ட பால் கேன் மேல உக்காந்திருக்கா, அவர் எதிர்ல பூட்ஸோட தரையில. அவ ஊருக்குப் புதுசு, சங்கத்துத் தீர்மானம் அவளுக்கு எங்க தெரியும்? தலைமேல விழற பனியைக் கையில ஏந்திப் பாத்துட்டு, “அங்கிள், இது எதனால பெய்யுது?”ன்னு கேட்டிருக்கா. ஊர் மொத்தமும் கேக்காத கேள்வி.

“பரிடான்னு ஒரு பையன்,” இருசப்பன் சொல்லிக்கிட்டிருந்தார், பேசிப் பழக்கம் விட்டுப்போன குரல், கரகரன்னு இருந்துச்சு. “ஒடிசாக்காரன். விடிகாலை பனி சரிஞ்சுது. நாங்க ஆறு பேர், நான் மட்டும் வெளிய நின்னேன், ஒண்ணுக்குப் போயிருந்தேன்.”

“அப்பறம்?”

“கூடாரம் எந்தப் பக்கம் இருந்துச்சுன்னே தெரியலை. எல்லாம் ஒரே வெள்ளை. இடது பக்கம்னு நினைச்சேன். இடது பக்கம் தோண்டினேன். ஆறு மணிநேரம், கையால.”

“அப்பறம் அங்கிள்?”

“அவன் வலது பக்கம் இருந்தான், கை எட்டற தூரம். மறுநாள் வேற ஆளுங்க வந்து அஞ்சு பேரையும் எடுத்தாங்க. பரிடா கை மேல பாத்து நீட்டினபடி இருந்துச்சு.” அவர் நிறுத்தினார். அவ விதின்னு சொல்லலை, மனசைத் தேத்திக்கோங்கன்னு சொல்லலை, இன்னும் இருந்தா சொல்லுங்கங்கற மாதிரி பாத்துக்கிட்டே உக்காந்திருந்தா. அப்பறம் அவர்தான், “நீ சாப்பிட்டியாம்மா?”ன்னு கேட்டார். அந்தப் பொண்ணு அப்படியே உடைஞ்சு போய், விக்கி விக்கி, மூக்கு ஒழுக ஒழுக, குழந்தையாட்டம் அழுதா. எங்க ஊர்ல அழுகைச் சத்தம்னா அது சாவு வீட்டுல மட்டும்தான். அன்னிக்கு அவ அழுததுல நான் வாசப்படியிலயே நின்னுட்டேன்.

தெனம் மத்தியானம் ஒரு மணிக்கு அவ போக ஆரம்பிச்சா. கேரியர் வெக்கப் போறப்போ என் காதுல விழும், அவர் சொல்வார், இவ அப்பறம்பா. இவ சொல்வா, அவர் ஊம் கொட்டுவார். கோர்ட்டுல ஒரு வழியா முடிவாகி, வர்ற வியாழக்கிழமை அவங்க வாடகை வீட்டைக் காலி பண்ணி சாவியைக் கொடுக்கறாங்களாம், அப்பனும் ஆத்தாளும் ஆளுக்கொரு லாரியோட வந்து நிப்பாங்களாம், இவ சாமானை இவளே வந்து எடுத்துக்கணுமாம். “எந்த லாரியில ஏத்தறதுன்னு ரெண்டு பேரும் என்னைப் பாப்பாங்க அங்கிள். என்னால அங்க தனியா போய் நிக்க முடியாது, நான் செத்துருவேன்,”னு சொன்னா. சும்மா பேச்சுக்குச் சொல்லலை, கைப்பையில மாத்திரை அட்டை வெச்சிருந்ததை எடுத்து அவர் முன்னாடி போட்டா. அவர் அந்த அட்டையை எடுத்து பூட்ஸுக்குள்ள சொருகிக்கிட்டு, “வியாழக்கிழமை காலையில இங்க வந்துடு. நான் கூட வர்றேன். நீ எந்த லாரியிலயும் ஏத்த வேணாம், தலையில வெச்சு நான் தூக்கறேன்,”னு சொன்னார். வேலூருக்குக்கூடப் போகாம ரெண்டு வருஷம் உள்ளேயே கிடந்த மனுஷன்.

பனி குறைஞ்சுது. முழங்கால் அளவு இருந்தது கணுக்காலாச்சு, கணுக்காலளவு இருந்தது தரையில உப்புத் தூவினாப்ல ஆச்சு. குப்பம்மா மீனைத் தூக்கிக்கிட்டுக் கத்தினா, பாஷா கத்தினான், ஊர் கடுகடுன்னு ஆயிடுச்சு. பொண்ணு தெருவுல நடந்தா வாசல்ல தண்ணியைக் கொட்டுவாங்க, கிழவனோட இவளுக்கு இன்னா வேலைன்னு காதுல விழற மாதிரி பேசுவாங்க. சொல்லக் கூசுற பேச்செல்லாம் பேசினாங்க. அந்தக் கண்றாவி நேரம் பாத்துத் திங்கக்கிழமை மேஜர் சாப்போட அம்மா செத்துப் போச்சு. அவரோட மூத்த பையன் கனடாவுல, வர நாலு நாளாகும். பொணத்தைத் தூக்கியாந்து இருசப்பன் கூடத்துல போட்டா அங்க ஒரு சாண் பனிகூட இல்லை.

செவ்வாக்கிழமை காலையில மேஜர் சாப் என் மெஸ்ஸுக்கு வந்தார். காலேஜ் வார்டன்கிட்ட பேசிப் பொண்ணை வியாழன் வரைக்கும் கேட்டுக்கு வெளிய விடாம பண்ணிட்டாராம். “இந்தா சுலோச்சனா, நீ போய் அவன்கிட்ட சொல்லு. அந்தப் பொண்ணு ஏசிக்காகத்தான் அங்க வந்துச்சு, பைத்தியக்காரன் பேச்சுக்குத் தலையாட்டிட்டுக் குளிர் காய்ஞ்சுது, இனி வராது, நீயும் கூட வரத் தேவையில்லைன்னு சொல்லிடுச்சுன்னு சொல்லு. நீ சொன்னா நம்புவான்.”

“எங்கம்மா,” அந்த ஆளுக்குக் குரல் உடைஞ்சுது, “அழுகிடும் சுலோச்சனா,”ன்னார். அவர் அழுகைக்காகப் போனேன்னு உங்ககிட்ட சொல்லலாம். மாவு புளிக்குதேன்னு போனேன்னு சொல்லலாம், மெஸ்ஸை மூட வெச்சுடுவாங்கன்னு பயந்தேன்னுகூடச் சொல்லலாம். எல்லாம் பொய்யி. எனக்கு வயித்தெரிச்சல். ரெண்டு வருஷம், மூணு வேளை, மழையில வெயில்ல கேரியரைத் தூக்கிக்கிட்டுப் போய் அந்த மனுஷனுக்கு ஊட்டாத குறையா சோறு போட்டது நான். என்கிட்ட ஒரு நாள் வாயைத் திறந்து பரிடான்னு ஒரு பேரு சொன்னதில்லை. நேத்து வந்தவ பால் கேன் மேல உக்காந்து கேட்டாளாம், கொட்டித் தீர்த்துட்டாராம். நான் கேக்கலைங்கறது அப்போ எனக்கு ஞாபகமே வரலை.

போனேன். கேரியரை வெச்சேன். சொன்னேன். மேஜர் சாப் சொன்னதுக்கு மேல நானா ரெண்டு வார்த்தை சேத்தும் சொன்னேன், உங்க பேச்சை மெஸ்ல எல்லார்கிட்டயும் நடிச்சுக் காட்டிச் சிரிச்சான்னு. இருசப்பன் மேஜர் சாப் அம்மாவோட தலைமாட்டுல நின்னபடியே கேட்டார், என் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கலை. “சரி”ன்னார். நான் வாசப்படி இறங்கறதுக்குள்ள முதுகுல சில்லுனு அடிச்சுது.

அப்படி ஒரு பனி அந்த வீட்டுல அதுவரைக்கும் பெய்ஞ்சதில்லை. சாயங்காலத்துக்குள்ள ஜன்னல் மட்டம், புதன்கிழமை காலையில கதவு நிலை வரைக்கும். கம்பி வழியா வெள்ளை வெள்ளையா பிதுங்கி வெளிய நின்னுச்சு. ஊருக்கு ஒரே குஷி. குப்பம்மா ஜன்னல் வழியாவே மீனைச் சொருகிட்டுப் போனா. மேஜர் சாப் கனடாவுக்குப் போன் போட்டு, “அவசரமில்லைப்பா, நிதானமா வா”ன்னு சொன்னார். உள்ள உசுரோட ஒரு ஆள் இருக்கானேன்னு யாரும் பேசலை. நான் கேரியரை எடுத்துக்கிட்டு மூணு வேளையும் போனேன், கதவைத் தட்டினேன், திரும்பிட்டேன். கூப்பிட்டுப் பாக்க எனக்கு வாய் வரலை.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு, அப்பன் கையெழுத்துப் போட்ட லீவு லெட்டரைக் காட்டி கேட்டைத் தாண்டி, முதுகுல ஒரு பையோட பெனிட்டா வந்து நின்னா. கதவைத் தள்ளினா அசையலை. “அங்கிள்!”னா. பையைத் தூக்கிக் கடாசிட்டு ஜன்னல் கம்பிக்குள்ள ரெண்டு கையையும் விட்டுப் பனியை வாரி வாரி எறிய ஆரம்பிச்சா. ஊரே கூடிடுச்சு. பனி தோண்டறதுக்குன்னே சர்க்கார் பயிற்சி கொடுத்து அனுப்பின முப்பது ஆம்பளைங்க தெருவுல கைகட்டி நிக்கிறாங்க, இருபது வயசுப் பொண்ணு கை செவந்து போய்த் தோண்டறா. மேஜர் சாப் ஓடியாந்து, “ஏ பொண்ணு, தோண்டாதே! சில்லு வெளிய போயிடும், எங்கம்மா உள்ள இருக்கு!”ன்னு அவ கையைப் புடிச்சு இழுக்கறார்.

“உள்ள அவர் உயிரோட இருக்கார்யா!”ன்னு அவ கத்தினா. “யோவ், நீங்கள்லாம் மனுஷங்கதானாய்யா?”

நான் மெஸ்ஸுக்கு ஓடி அண்டாவுல சாம்பார் கிளறுற பெரிய கரண்டியை எடுத்தாந்து, மேஜர் சாப்பை ஒரு இடி இடிச்சுத் தள்ளிட்டு, கதவோரத்துல குத்திக் குத்தி வாரினேன். எவ்வளவு வாரினாலும் உள்ள இருந்து சரிஞ்சு ரொம்பிக்கிட்டே இருக்கு. பொண்ணு என்னைப் பாத்து, “ஏன்க்கா இப்படி ஆச்சு? நல்லாத்தானே இருந்தார்?”ன்னு கேக்கறா. என்னால அதுக்கு மேல முடியலை. கதவுல வாயை வெச்சு, ஊர் மொத்தமும் கேக்கற மாதிரி, “அண்ணா! அவ ஒண்ணும் சொல்லலைண்ணா! நான்தான் பொய் சொன்னேன்! எனக்குப் பொறாமைண்ணா! அவ வந்துட்டா, இதோ நிக்கிறா, அரக்கோணம் போவணும்னு பையோட நிக்கிறா!”ன்னு கத்தினேன். தொண்டை கிழிஞ்சு போச்சு.

உள்ள ஏதோ அசையற சத்தம். கதவுக்கு அடியில தண்ணி கசிஞ்சுது, அப்பறம் ஓடிச்சு, அப்பறம் கதவே பிடுங்கிக்கிட்டுத் திறந்து முழங்கால் தண்ணி தெருவுல பாய்ஞ்சுது, மீனும் மல்லிப்பூவும் பால் கேனும் மிதந்து வந்துச்சு. தண்ணிக்கு நடுவுல இருசப்பன் நடந்து வந்தார். உதடு நீலம், மேஜர் சாப்போட அம்மாவைத் தோள்ல போட்டுக்கிட்டு, முகத்துல ஒரு பொட்டுப் பனி ஒட்டாம துடைச்சு எடுத்துக்கிட்டு வந்து, மேஜர் சாப் கையில கொடுத்தார். வாங்கினவர் நன்றின்னுகூடச் சொல்லலை, “அய்யோ வெயிலு, வெயிலு, ஃப்ரீசர் பாக்ஸுக்குப் போன் போடுங்கடா!”ன்னு கத்திக்கிட்டே அம்மாவைத் தூக்கிக்கிட்டு நிழலைத் தேடி ஓடினார். அவர் பின்னாடியே ஊர் ஓடிச்சு. நனைஞ்சு நின்ன மனுஷனுக்கு ஒரு துண்டு கொடுக்க அந்தத் தெருவுல ஆளில்லை, பெனிட்டா அவ துப்பட்டாவை உருவி அவர் தலையைத் துவட்டினா.

“நேரமாச்சா?”ன்னு கேட்டார்.

“ஒன்பதே கால் பஸ் இருக்கு அங்கிள்.”

உள்ள போய் உலர்ந்த சட்டை ஒண்ணு தேடி மாட்டிக்கிட்டு வந்தார். கதவைப் பூட்டலை. நான் நாலு இட்லியைப் பொட்டலம் கட்டிக்கிட்டு அவங்க பின்னாடியே பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். ஜன்னலோரம் உக்காந்திருந்தார், பொண்ணு பக்கத்துல. பொட்டலத்தை நீட்டினேன். அவர் வாங்கலை, பொண்ணு கை நீட்டி வாங்கிக்கிட்டா.

“என்னை மன்னிச்சுடுண்ணா,”ன்னேன். “நீ அதை நம்புவேன்னு தெரிஞ்சே சொன்னேன்.”

“நம்பலையே சுலோச்சனா,”ன்னார். கோபமே இல்லை குரல்ல, அதுதான் என்னைக் கொன்னுச்சு. “இந்தப் பொண்ணு அப்படிப் பேசியிருக்காதுன்னு நீ வாயைத் திறந்தப்பவே தெரியும்.”

“அப்பறம் எதுக்குண்ணா அப்படிக் கொட்டுச்சு?”

டிரைவர் வண்டியை எடுத்துட்டான். அவர் ஜன்னல் வழியா என்னைப் பாத்தார்.

“ஊர்ல எவன் வந்து சொல்லியிருந்தாலும் கொட்டியிருக்காது,”ன்னார். “சோறு கொண்டாந்தவ வந்து சொன்னியே.”